இஸ்ரேல்–பாலஸ்தீனம்: பழி யார் மேல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசாப் போர் தொடங்கிய நாளிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் யூடியூப் விவாதங்களிலும் சுற்றிச் சுற்றி வரும் கேள்விகள் இவை. முடிந்தவரை தேதியும் பெயரும் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். என் சொந்தக் கருத்தை, கருத்து என்று சொல்லியே எழுதியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். யார் காரணம்?

எதற்குக் காரணம் என்று முதலில் சொல்லுங்கள். 1948இல் ஏழு லட்சம் பேர் வீடிழந்ததற்கு ஒரு பதில். 1929இல் ஹெப்ரோன் யூதர்கள் வெட்டிக் கொல்லப்பட்டதற்கு வேறு பதில். 2023 அக்டோபர் 7 தாக்குதலுக்கு ஹமாஸ். அதன்பின் காசாவுக்குள் உணவு லாரிகள் நிறுத்தப்பட்டதற்கு இஸ்ரேல் அரசு. நூறு வருடக் கணக்கு முழுவதையும் ஒருவர் தலையில் கட்டப் பார்ப்பதால்தான் இந்த விவாதம் எங்கே தொடங்கினாலும் கூச்சலில் முடிகிறது.

ஒவ்வொரு செயலையும் செய்தவர் பெயரில் எழுத வேண்டும். அப்போது அவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது, வேறு வழி இருந்ததா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 1967க்குப் பிந்தைய காலத்தில் பெரும்பங்கு இஸ்ரேல் அரசுகள் மீது விழுகிறது என்பது என் கணிப்பு. நிலம், எல்லை, தண்ணீர், வான்வெளி எல்லாம் அவர்கள் கையில்தான் இருந்தன. அதற்காகப் பாலஸ்தீனத் தலைமைகள் செய்தது எதுவும் கணக்கிலிருந்து தள்ளுபடி ஆகாது.

இது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடக்கும் மதச் சண்டைதானே?

கிடையாது. 1517 முதல் 1917 வரை நானூறு ஆண்டுகள் அந்த நிலம் ஒட்டோமான் பேரரசின் கீழ் இருந்தது. முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், யூதர்கள் மூவரும் அங்கே வாழ்ந்தார்கள். சமத்துவம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்று நாம் பார்க்கும் மோதல் அன்று இல்லை. இது இரண்டு தேசியங்கள் ஒரே நிலத்தைக் கோரியதில் வந்தது. வயது சுமார் 140 ஆண்டு. ஜெருசலேமின் புனிதத் தலம் நடுவில் இருப்பதால் மதம் அவ்வப்போது எண்ணெய் ஊற்றியது. பிற்பாடு இரு பக்கத்திலும் மத அரசியல் வலுத்தது. பாலஸ்தீன இயக்கங்களில் கிறிஸ்தவத் தலைவர்கள் உண்டு என்பதையும், யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் கோரிய சியோனிச இயக்கத்தின் ஆரம்பகாலத் தலைவர்களில் பலர் கடவுள் நம்பிக்கையே இல்லாத சோசலிஸ்டுகள் என்பதையும் மதச் சண்டை என்பவர்கள் எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை.

யூதர்கள் ஏன் அங்கே போனார்கள்? ஐரோப்பா செய்த பாவத்துக்கு அரபிகள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

இரண்டுமே நியாயமான கேள்விகள்.

ரஷ்யப் பேரரசில் 1881இல் யூதர்கள் மீது கலவரங்கள் வெடித்தன. அடுத்த ஆண்டிலிருந்தே சிறு சிறு குழுக்களாகப் பாலஸ்தீனத்துக்கு வரத் தொடங்கினார்கள். 1897இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தியோடர் ஹெர்ஸல் கூட்டிய மாநாடு அதை ஓர் அரசியல் இயக்கமாக்கியது. ஐரோப்பாவில் யூதர்களுக்கு எதிர்காலம் இல்லை என்று அவர் சொன்னதை அன்று பல யூதர்களே ஏற்கவில்லை. ஐம்பது வருடத்துக்குள் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குச் சற்று முன், 1938இல் பிரான்சின் எவியான் நகரில் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கூடி யூத அகதிகளைப் பற்றிப் பேசின; அநேகமாக எல்லோரும் அனுதாபம் தெரிவித்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டார்கள். போக வேறு இடம் இல்லாதவர்களின் வரவு அது. வெறும் ‘வெள்ளைக்காரக் குடியேற்றம்’ என்று சொல்லும்போது இந்தப் பகுதி விடுபட்டுப் போகிறது.

இன்னொரு பக்கம், வந்து இறங்கிய இடம் காலி மனையாக இருக்கவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் அங்கே வாழ்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் அரபிகள். யூத அமைப்புகள் நிலத்தை விலைக்குத்தான் வாங்கின. ஆனால் விற்றவர்களில் பலர் பெய்ரூட்டில் இருந்த சுர்சோக் போன்ற பெரும் நிலக்கிழார் குடும்பங்கள். 1920களில் மர்ஜ் இப்னு அமீர் சமவெளி இப்படிக் கைமாறியபோது, அங்கே தலைமுறைகளாக உழுத குத்தகை விவசாயிகள் வெளியேற்றப்பட்டார்கள். பத்திரம் சுத்தம்; குடியானவனுக்கு வீடு போயிற்று. சட்டப்படி சரி, நியாயப்படி தவறு என்ற முடிச்சு அங்கேயே விழுந்துவிட்டது.

ஆங்கிலேயர்தானே எல்லாவற்றுக்கும் மூலம்?

பெரும்பங்கு உண்டு. போரில் ஆள் பிடிக்க ஒரே நிலத்தை வைத்துப் பல வாக்குறுதி கொடுத்தார்கள். 1915–16இல் மெக்காவின் ஷெரீப் ஹுசைனுக்கு அரபு விடுதலை பற்றிக் கடிதம் எழுதினார் எகிப்தில் இருந்த பிரிட்டிஷ் உயர் ஆணையர் மக்மஹோன். 1916இல் பிரான்சோடு ரகசியமாக சைக்ஸ்–பிகோ ஒப்பந்தம் போட்டு அதே பிரதேசத்தைப் பங்கு பிரித்தார்கள். 1917 நவம்பர் 2 அன்று பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர், அங்கிருந்த யூதத் தலைவர் ரோத்ஸ்சைல்டு பிரபுவுக்கு எழுதிய சிறு கடிதத்தில் பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ‘தேசிய இல்லம்’ அமைய ஆதரவு தெரிவித்தார். அந்தக் கடிதத்தில் அரபிகள் என்ற பெயரே வராது. மக்கள்தொகையில் தொண்ணூறு சதவீதம் பேரை ‘அங்கே இருக்கும் யூதரல்லாத சமூகங்கள்’ என்று குறிப்பிட்டு, அவர்களுக்குக் குடியியல், மத உரிமைகளை மட்டும் உறுதி சொன்னார். அரசியல் உரிமை பற்றிப் பேச்சில்லை.

பிறகு பாலஸ்தீனத்தை ஆண்ட முப்பது வருடமும் ஒருநாள் ஒரு பக்கம், மறுநாள் மறுபக்கம். 1936–39 அரபுக் கிளர்ச்சியைக் கொடூரமாக நசுக்கினார்கள். 1939இல் திரும்பி நின்று, ஐந்து ஆண்டுக்கு 75,000 யூதர்கள்தான் வரலாம் என்று கதவைச் சாத்தினார்கள். ஹிட்லரிடமிருந்து ஓடியவர்களுக்கு மிகவும் தேவைப்பட்ட ஆண்டுகள் அவை. 1946இல் யூதத் தீவிரவாத அமைப்பான இர்குன், பிரிட்டிஷ் நிர்வாகம் இயங்கிய கிங் டேவிட் ஹோட்டலைக் குண்டு வைத்துத் தகர்த்து 91 பேரைக் கொன்றது. அடுத்த ஆண்டே பிரச்சினையை ஐ.நா. தலையில் போட்டுவிட்டு மூட்டை கட்டினார்கள். நமக்குப் பழக்கமான பாணிதான். அதே 1947இல் இங்கே எல்லை கிழித்த அதே அரசு.

1947 பிரிவினையை அரபிகள் ஏற்றிருந்தால் இன்று பாலஸ்தீன நாடு இருந்திருக்குமே?

இருந்திருக்கலாம். ஆனால் அன்று அவர்கள் மேசையில் வைக்கப்பட்டது என்ன? ஐ.நா. தீர்மானம் 181, நவம்பர் 29 அன்று 33–13 வாக்குகளில் நிறைவேறியது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கும், நிலவுடைமையில் சுமார் 7 சதவீதமும் வைத்திருந்த யூதர்களுக்கு நிலப்பரப்பில் 55 சதவீதம். அதில் நெகேவ் பாலைவனம் பெரும் பகுதி, இனி வரப்போகும் அகதிகளுக்கும் இடம் வேண்டும் என்பது யூதத் தரப்பு வாதம். யூதத் தலைமை ஏற்றது. அரபுத் தலைமை மறுத்தது.

மறுத்தது எனக்குப் புரிகிறது. மறுத்த பிறகு போரைத் தேர்ந்ததும், அந்தப் போருக்கு எந்தத் தயாரிப்பும் இல்லாமல் இறங்கியதும் தலைமையின் பிழை. பாலஸ்தீனர்களின் முகமாக இருந்த முஃப்தி ஹாஜ் அமீன் அல் ஹுசைனி, 1941இல் பெர்லின் போய் ஹிட்லரைச் சந்தித்தவர். தன் மக்களின் வழக்கை உலகத்தின் முன் அவரைவிட மோசமாகக் கெடுத்தவர் அந்தக் காலத்தில் வேறு யாரும் இல்லை.

1948இல் பாலஸ்தீனர்கள் தாங்களாக ஓடினார்களா, விரட்டப்பட்டார்களா?

இரண்டும் நடந்தது. எந்த ஊர், எந்த மாதம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

ஹைஃபாவில் ஏப்ரலில் யூத மேயர் ஷப்தாய் லெவி அரபிகளைப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். சண்டைக்கும் குண்டுக்கும் பயந்து பெரும்பாலோர் படகேறினார்கள். அதே மாதம் 9ஆம் தேதி ஜெருசலேம் அருகே டெய்ர் யாசின் கிராமத்தில் இர்குன், லெஹி என்ற யூத ஆயுத அமைப்புகளின் ஆட்கள் நூறு பேருக்கு மேல் கொன்றார்கள். நான்கு நாள் கழித்து யூதர்களின் ஹதாஸா மருத்துவமனைக்குப் போன வாகன அணியை அரபிகள் மறித்து, மருத்துவர்கள், செவிலியர் உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். டெய்ர் யாசின் செய்தி பரவிய வேகத்தில் ஊர் ஊராகக் காலியாயின.

லித்தாவில் ‘ஓடினார்கள்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜூலையில் இஸ்ரேல் படை லித்தாவையும் பக்கத்திலிருந்த ரம்லாவையும் பிடித்தது. ஊர்மக்களை வெளியேற்றும் உத்தரவு எழுத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட அதிகாரி யிட்ஸாக் ராபின். ஐம்பதாயிரம் பேருக்கு மேல் அந்த வெயிலில் கிழக்கு நோக்கி நடந்தார்கள். குழந்தைகளும் முதியவர்களும் தண்ணீர் இல்லாமல் வழியில் செத்தார்கள். இன்று டெல் அவிவ் போகிறவர்கள் வந்து இறங்கும் பென் குரியன் விமான நிலையம் அந்த ஊரின் ஓரத்தில்தான் இருக்கிறது.

மொத்தத்தில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அகதிகள் ஆனார்கள். நானூறுக்கும் அதிகமான ஊர்கள் காலியாயின, பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. பாலஸ்தீனர்கள் இதை நக்பா, பேரழிவு, என்கிறார்கள். அரபுத் தலைவர்கள் வானொலியில் போகச் சொன்னதால்தான் எல்லோரும் போனார்கள் என்ற பழைய கதையை, 1980களில் ஆவணக் காப்பகங்கள் திறந்தபோது இஸ்ரேலிய வரலாற்றாய்வாளர்களே உடைத்துவிட்டார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த கட்டம். பயந்து ஓடியவரும் போர் முடிந்ததும் வீடு திரும்பத்தான் நினைப்பார். 1948 டிசம்பரில் ஐ.நா. தீர்மானம் 194, சமாதானமாக வாழ விரும்புவோர் திரும்ப அனுமதிக்கப்பட வேண்டும் என்றது. இஸ்ரேல் திரும்ப விடவில்லை. 1950இல் ‘வராதவர் சொத்து’ சட்டம் போட்டு வீடு, நிலம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. எப்படிப் போனார்கள் என்பதில் வழக்கு இருக்கலாம். திரும்ப விடாதது அரசு எடுத்த முடிவு, அதில் வழக்கே இல்லை.

அரபு நாடுகளிலிருந்து யூதர்களும் துரத்தப்பட்டார்களே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

பேச வேண்டும். பாக்தாதில் 1941 ஜூனில் நடந்த ஃபர்ஹூத் கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள். இஸ்ரேல் பிறப்பதற்கு ஏழு ஆண்டு முன்பு இது. 1948க்குப் பிறகு ஈராக், எகிப்து, ஏமன், லிபியா, மொராக்கோ என்று சுமார் எட்டு லட்சம் பேர் வெளியேறினார்கள். ஈராக் 1951இல் வெளியேறியவர்களின் சொத்தை முடக்கியது. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சமூகம் இரண்டே வருடத்தில் கிட்டத்தட்ட காலி. இன்றைய இஸ்ரேலிய யூதர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் வேர் அந்த நாடுகளில் இருக்கிறது. ‘எல்லோரும் போலந்துக்குத் திரும்பிப் போகட்டும்’ என்று எழுதுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு எழுதினால் நல்லது.

ஆனால் அந்தக் கடன் பாக்தாதும் கெய்ரோவும் தீர்க்க வேண்டியது. லித்தாவிலிருந்து நடந்து போன குடும்பம் அதற்கு ஈடு கட்ட முடியாது.

அரபு நாடுகள் பாலஸ்தீனர்களுக்கு என்னதான் செய்தன?

மேடையில் நிறைய. ஜோர்டான் குடியுரிமை கொடுத்தது. 1970இல் அதே நாட்டு ராணுவம் பாலஸ்தீன இயக்கங்களைச் சுட்டு விரட்டியது. லெபனானில் இன்றும் பல தொழில்களைச் செய்யவும் சொத்து வாங்கவும் அவர்களுக்குத் தடை. பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைவர் அரஃபாத், குவைத்தைப் பிடித்த ஈராக் அதிபர் சதாமை ஆதரித்தார் என்ற கோபத்தில் 1991இல் குவைத் லட்சக்கணக்கான பாலஸ்தீனர்களை வெளியேற வைத்தது. 1948 முதல் 1967 வரை ஜோர்டான் நதியை ஒட்டிய மேற்குக் கரை ஜோர்டானிடமும் காசா எகிப்திடமும் இருந்தன. பாலஸ்தீன நாடு அமைக்க யாரும் அன்று அவர்கள் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை.

1967 போரை யார் தொடங்கினார்கள்?

முதல் குண்டு இஸ்ரேலுடையது. ஜூன் 5 காலை எகிப்தின் விமானத் தளங்கள் மீது. அதற்கு முன் எகிப்து அதிபர் நாசர் ஐ.நா. படையை வெளியேற்றி, டிரான் நீரிணையை அடைத்து, சினாயில் படை குவித்திருந்தார். இதைத் தற்காப்பு என்பவர்களும் வாய்ப்பைப் பிடித்துக்கொண்டது என்பவர்களும் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு இந்தக் கேள்வியில் அவ்வளவு ஆர்வமில்லை. ஆறு நாளில் முடிந்த போர் அது. அதில் பிடித்த இடத்தை வைத்து அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதே பெரிய விஷயம்.

அப்படி என்ன செய்தார்கள்?

குடியேற்றினார்கள். போர் முடிந்து மூன்று மாதத்தில், 1967 செப்டம்பரில், இஸ்ரேல் வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட ஆலோசகர் தியோடர் மெரோன் ரகசியக் குறிப்பு ஒன்றை எழுதினார். பிடித்த பகுதியில் சொந்தக் குடிமக்களைக் குடியேற்றுவது நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று அதில் சொன்னார். படித்தார்கள், ஓரமாக வைத்தார்கள். இன்று மேற்குக் கரையில் ஐந்து லட்சத்துக்கு மேல், கிழக்கு ஜெருசலேமில் இரண்டு லட்சத்துக்கு மேல் இஸ்ரேலியர்கள் இருக்கிறார்கள். இடதுசாரி அரசு, வலதுசாரி அரசு என்ற வித்தியாசம் இதில் கிடையாது. இஸ்ரேல் அரசு இதைச் சட்டவிரோதம் என்று ஒப்புக்கொள்வதில்லை. அது பிரச்சினைக்குரிய நிலம், யூத வரலாற்றின் இதயம் என்கிறது. சர்வதேச நீதிமன்றம் 2024 ஜூலை 19 அன்று தந்த ஆலோசனைக் கருத்தில், அந்த ஆக்கிரமிப்பே சட்டவிரோதம், கூடிய விரைவில் முடிக்க வேண்டும் என்றது.

இந்தப் பூசல் முழுவதையும் ஒரே ஊரில் பார்க்க வேண்டுமென்றால் மேற்குக் கரையின் ஹெப்ரோனைப் பார்க்கலாம். ஆபிரகாம் அடக்கமான இடம் என்று யூதர்களும் முஸ்லிம்களும் நம்பும் ஊர். அரபியில் அதன் பெயர் அல் கலீல். 1929 ஆகஸ்டில், ஜெருசலேமின் அல் அக்ஸா மசூதியை யூதர்கள் பிடிக்கப்போகிறார்கள் என்ற வதந்தியில் அரபுக் கும்பல் 67 யூதர்களைக் கொன்றது. அதே நாளில் பக்கத்து வீட்டு அரபுக் குடும்பங்கள் நூற்றுக்கணக்கான யூதர்களைத் தங்கள் வீட்டில் ஒளித்துக் காப்பாற்றின. பல நூற்றாண்டு யூத சமூகம் அத்தோடு அந்த ஊரிலிருந்து போயிற்று.

1968இல் பஸ்கா பண்டிகை கொண்டாட ஹோட்டலில் அறை எடுத்த ஒரு யூதக் குழு, பண்டிகை முடிந்தும் கிளம்ப மறுத்தது. அரசு அவர்களுக்கு ஊரை ஒட்டி கிர்யாத் அர்பா குடியிருப்பைக் கட்டிக் கொடுத்தது. அங்கே வாழ்ந்த மருத்துவர் பாரூக் கோல்ட்ஸ்டீன் 1994 பிப்ரவரி 25 அன்று, ரமலான் மாத அதிகாலைத் தொழுகையில் இருந்த 29 முஸ்லிம்களைச் சுட்டுக் கொன்றான். கொன்றவன் குடியேறி. அதற்குப் பிறகு கடைத்தெரு மூடப்பட்டது யாருக்கு? பாலஸ்தீனர்களுக்கு. ஊரின் உயிரோட்டமான ஷுஹதா தெருவில் கடைகளை ராணுவம் இழுத்து மூடியது. வீட்டு வாசல்கள் வெல்டிங் வைத்து அடைக்கப்பட்டதால் சில குடும்பங்கள் கூரை வழியாகவோ பின்பக்கமாகவோ ஏறி இறங்குகின்றன. சில நூறு குடியேறிகளின் பாதுகாப்புக்காக முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வாழும் பகுதி ராணுவக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பழைய சந்தைத் தெருவில் தலைக்கு மேல் கம்பி வலை கட்டியிருக்கிறார்கள். மேல்மாடியில் வாழும் குடியேறிகள் எறியும் குப்பையும் கல்லும் அதில் தங்கி நிற்கும்.

சட்டமும் அங்கே இரண்டு. கல்லெறிந்தது குடியேறியின் பையன் என்றால் சிவில் நீதிமன்றம், பாலஸ்தீனப் பையன் என்றால் ராணுவ நீதிமன்றம்.

ஓஸ்லோ ஒப்பந்தம் ஏன் படுத்துவிட்டது?

இஸ்ரேலுக்கும் அரஃபாத்தின் அமைப்புக்கும் இடையிலான அந்த ஒப்பந்தம் கையெழுத்தானது 1993 செப்டம்பர் 13, வெள்ளை மாளிகைப் புல்வெளியில். அரஃபாத்தின் கையைக் குலுக்கிய இஸ்ரேல் பிரதமர், லித்தா உத்தரவில் கையெழுத்திட்ட அதே ராபின். ஒப்பந்தம் பாலஸ்தீன நாடு தருவதாக எங்கேயும் சொல்லவில்லை. எல்லை, ஜெருசலேம், அகதிகள், குடியேற்றம் எல்லாவற்றையும் ஐந்து வருடம் தள்ளி வைத்தது. தள்ளி வைத்த காலம் இரு பக்கத்துத் தீவிரவாதிகளுக்கும் வசதியாயிற்று. ஹமாஸ் பேருந்துகளில் குண்டு வைத்தது. ராபினை 1995 நவம்பர் 4 அன்று யிகால் அமீர் என்ற யூத வலதுசாரி சுட்டுக் கொன்றான். குடியேற்றம் ஒருநாளும் நிற்கவில்லை. 1993இல் மேற்குக் கரையில் சுமார் 1,10,000 ஆக இருந்த குடியேறிகள் ஏழே ஆண்டில் இரண்டு லட்சத்தை நெருங்கினார்கள். பங்கு பிரிக்கப் பேசிக்கொண்டிருக்கும்போதே பண்டத்தை ஒருவர் தின்றுகொண்டிருந்தால் பேச்சு எப்படி நிலைக்கும்?

2000இலும் 2008இலும் நாடு கொடுக்க முன்வந்தும் பாலஸ்தீனர்கள்தானே மறுத்தார்கள்?

பாதி உண்மை. 2000 ஜூலை கேம்ப் டேவிட்டில் எஹுத் பராக் அதுவரை எந்த இஸ்ரேல் பிரதமரும் போகாத தூரம் போனார். ஆனால் எழுத்தில் எதுவும் இல்லை. ஜெருசலேமும் அகதிகளும் இடித்தன. அரஃபாத் எதிர்த் திட்டம் ஒன்றுகூட வைக்காமல் எழுந்து வந்தது மன்னிக்க முடியாத சோம்பல். சில வாரத்தில் இரண்டாம் இன்டிஃபாதா, அதாவது பாலஸ்தீனர்களின் இரண்டாம் எழுச்சி, வெடித்தது. 2005 வரை சுமார் ஆயிரம் இஸ்ரேலியர்கள், மூவாயிரம் பாலஸ்தீனர்கள் செத்தார்கள். உணவகத்திலும் பேருந்திலும் வெடித்த தற்கொலைக் குண்டுகள் இஸ்ரேலின் அமைதி முகாமை அடியோடு கொன்றுவிட்டன; இன்றுவரை அது எழவில்லை.

2008இல் இஸ்ரேல் பிரதமர் ஓல்மெர்ட் பாலஸ்தீன அதிபர் அப்பாஸிடம் ஒரு வரைபடம் காட்டினார், பிரதி தரவில்லை. அப்பாஸ் திரும்பி வந்து நினைவிலிருந்து தாளில் வரைந்தார். ஊழல் வழக்கில் ஓல்மெர்ட் பதவி விலகும் தறுவாயில் இருந்த நேரம் அது. அவர் தர முடிந்திருக்குமா என்பதே சந்தேகம். 2002இல் பெய்ரூட்டில் கூடிய அரபு நாடுகள், 1967 எல்லைக்குத் திரும்பினால் எல்லோரும் இஸ்ரேலோடு உறவு வைத்துக்கொள்கிறோம் என்று முன்வைத்ததும், அதை இஸ்ரேல் கண்டுகொள்ளாமல் விட்டதும் ‘தவறவிட்ட வாய்ப்பு’ப் பட்டியலில் ஏனோ சேர்வதில்லை.

காசாவை 2005இல் விட்டுவிட்டுப் போனார்களே. பதிலுக்கு ராக்கெட்தானே கிடைத்தது?

21 குடியேற்றங்களைக் காலி செய்து சுமார் எட்டாயிரம் பேரை வெளியேற்றினார் இஸ்ரேல் பிரதமர் ஷரோன். வானம், கடல், பெரும்பாலான எல்லை வாசல்கள், மக்கள் பதிவேடு எல்லாம் இஸ்ரேலிடமே இருந்தன. 2006 தேர்தலில் ஹமாஸ் 132இல் 74 இடம் வென்றது. 2007இல் அப்பாஸின் கட்சியான ஃபத்தாவோடு தெருச்சண்டை போட்டுக் காசாவை முழுதாகப் பிடித்தது. இஸ்ரேலும் எகிப்தும் முற்றுகை போட்டன. காசாவை ஒட்டிய இஸ்ரேலின் ஸ்டெரோட் நகரின் குழந்தைகள் ராக்கெட்டுக்குப் பயந்து பதுங்கு அறைக்கு ஓடிப் பழகினார்கள். காசாவின் குழந்தைகளுக்குப் பதுங்கு அறையே கிடையாது. ஹமாஸ் கொட்டிய சிமெண்டெல்லாம் போராளிகளின் சுரங்கத்துக்குப் போயிற்று, மக்களுக்கு ஒரு பதுங்கிடம்கூடக் கட்டவில்லை. இது ஹமாஸ் மீதான குற்றச்சாட்டுகளில் நான் மிகப் பெரியதாகக் கருதுவது.

ஹமாஸை வளர்த்ததே இஸ்ரேல்தான் என்கிறார்களே?

உருவாக்கவில்லை. இடம் கொடுத்தது. 1979இல், பிற்பாடு ஹமாஸை நிறுவிய ஷேக் அஹ்மத் யாசினின் தொண்டு அமைப்புக்கு அனுமதி தந்தார்கள்; அரஃபாத்தின் அமைப்புக்கு எதிர்ச்சுமை என்ற கணக்கு. 2018 முதல் கத்தாரின் பணம் பெட்டிகளில் காசாவுக்குள் போக நெதன்யாகு அரசு அனுமதித்தது. காசாவும் மேற்குக் கரையும் பிரிந்தே இருந்தால் நாடு என்ற பேச்சு எழாது என்பது அதன் பின்னணி என்று இஸ்ரேலுக்குள்ளேயே கடுமையான விமர்சனம் உண்டு. ஆனாலும் ஹமாஸ் தன் முடிவுகளைத் தானே எடுக்கும் அமைப்பு. பொம்மை என்று சொல்வது அதைக் குற்றத்திலிருந்து தப்ப விடுவதாகும்.

அக்டோபர் 7 ஓர் ஆக்கிரமிப்பு எதிர்ப்புப் போராட்டம் இல்லையா?

ஆக்கிரமிப்பை எதிர்க்க உரிமை உண்டு. வீட்டுக்குள் புகுந்து குடும்பத்தைக் கொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. அன்று சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் பொதுமக்கள். நோவா இசை விழாவில் மட்டும் 370க்கும் மேல். 251 பேரைப் பிணையாகப் பிடித்துப் போனார்கள், அதில் பச்சைக் குழந்தையும் இருந்தது. செத்தவர்களில் தாய்லாந்துப் பண்ணைத் தொழிலாளர்கள் இருந்தார்கள். காசாவின் நோயாளிகளை இஸ்ரேல் மருத்துவமனைகளுக்குத் தன் காரில் கூட்டிப்போன அமைதிச் செயல்பாட்டாளர் ஒருவரும் இருந்தார். ‘இதற்கு முன் நடந்ததைப் பார்’ என்பது வரலாற்றை விளக்க உதவும், கொலையை நியாயப்படுத்தாது.

அதற்குப் பிறகு காசாவில் நடந்தது தற்காப்பா, இனப்படுகொலையா?

ஹமாஸைத் தாக்க இஸ்ரேலுக்கு உரிமை இருந்தது. எப்படித் தாக்கினார்கள் என்பதில்தான் வழக்கு. பாதுகாப்பு அமைச்சர் கலான்ட் அக்டோபர் 9 அன்றே மின்சாரம், உணவு, எரிபொருள் எதுவும் உள்ளே போகாது என்று அறிவித்தார். காசாவின் இருபது லட்சத்துக்கும் அதிகமான மக்களில் ஏறக்குறைய எல்லோரும் ஒருமுறையாவது இடம்பெயர்ந்தார்கள், பலர் ஐந்தாறு முறை. 2025 மார்ச் 2 முதல் பதினோரு வாரம் ஒரு மூட்டை மாவுகூட உள்ளே விடப்படவில்லை. ஆகஸ்டில் காசா நகரப் பகுதியில் பஞ்சம் என்று ஐ.நா. ஆதரவு பெற்ற நிபுணர் குழு உறுதி செய்தது. இஸ்ரேல் அதை மறுத்தது. ஹமாஸ் உணவைத் திருடுகிறது என்றும், மக்களுக்குள் ஒளிந்து போரிடுகிறது என்றும் சொன்னது. மருத்துவமனை, பள்ளிகளை ஹமாஸ் பயன்படுத்தியது உண்மை. அது ஒரு போர்க்குற்றம். அதற்காக மாவு மூட்டையைத் தடுக்க முடியாது.

இனப்படுகொலையா என்பதற்கு, தென்னாப்பிரிக்கா 2023 டிசம்பரில் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2024 ஜனவரி 26 அன்று இடைக்கால உத்தரவு வந்தது. இறுதித் தீர்ப்புக்கு ஆண்டுகள் ஆகும். ஆம்னெஸ்டி, இஸ்ரேலின் சொந்த மனித உரிமை அமைப்பான பெத்செலம், 2025 செப்டம்பரில் ஐ.நா. விசாரணைக் குழு ஆகியவை ஆம் என்று சொல்லியிருக்கின்றன. இஸ்ரேலும் அமெரிக்காவும் முற்றாக மறுக்கின்றன. 2024 நவம்பரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் நெதன்யாகு, கலான்ட், ஹமாஸின் முகமது தெய்ஃப் மூவருக்கும் பிடியாணை போட்டது. பட்டினியை ஆயுதமாக்கியது போர்க்குற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கு மேல் எந்தப் பெயர் வைப்பது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும்.

இஸ்ரேலை விமர்சித்தால் யூத வெறுப்பா?

நெதன்யாகுவைத் திட்டுவது வெறுப்பு இல்லை. டெல் அவிவ் தெருவில் வாரம் தவறாமல் ஆயிரக்கணக்கான யூதர்களே அதைச் செய்தார்கள். ‘ஹிட்லர் செய்தது சரிதான்’ என்று கமெண்ட் போடுவது வெறுப்பு. தமிழில் இந்த இரண்டாவது வகை சர்வசாதாரணமாகக் கண்ணில் படுகிறது. பாலஸ்தீனக் குழந்தைகள் சாவதைக் கொண்டாடும் இன்னொரு கூட்டமும் அதே அளவுக்கு இருக்கிறது. இரண்டு பேருக்கும் காசா எங்கே இருக்கிறது என்றே தெரியாது; உள்ளூர்ப் பகையைத் தீர்த்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவுக்குப் பொறுப்பு இல்லையா?

2016இல் போட்ட ஒப்பந்தப்படி பத்து ஆண்டுக்கு 3,800 கோடி டாலர் ராணுவ உதவி. ஐ.நா. பாதுகாப்பு அவையில் ரத்து அதிகாரம். குண்டைக் கொடுத்தவர் அதைப் போட்ட இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டாமா?

இந்தியா எந்தப் பக்கம்?

1947இல் பிரிவினைக்கு எதிராக வாக்களித்தது. 1950இல் இஸ்ரேலை அங்கீகரித்தும் தூதரக உறவை 1992 வரை தள்ளிப்போட்டது. 1988இல் பாலஸ்தீன நாட்டை அங்கீகரித்தது. 2017இல் மோடி இஸ்ரேல் போன முதல் இந்தியப் பிரதமர் ஆனார். இப்போது ஆயுதம் அங்கிருந்து வருகிறது, ஐ.நா.வில் இரு நாட்டுத் தீர்வுக்கு வாக்கும் விழுகிறது.

ஈழத்தோடு ஒப்பிடலாமா?

ஒப்பிடுகிறவர்கள் உண்மையில் நடந்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1970களில் ஈழப் போராட்ட அமைப்பான ஈரோஸின் இளைஞர்கள் லெபனானில் பாலஸ்தீனர்களிடம் ஆயுதப் பயிற்சி பெற்றார்கள். 1984இல் கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலுக்கு ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. பாதுகாப்பு ஆலோசகர்கள் வந்தார்கள். 1990களின் நடுவில் இலங்கை வாங்கிய கிபிர் விமானங்கள் இஸ்ரேலில் செய்தவை. வன்னியில் ‘கிபிர் வருது’ என்றால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்கு ஓடுவார்கள். இதையெல்லாம் வைத்து இஸ்ரேல் எதிரி, பாலஸ்தீனம் நண்பன் என்று எழுதத் தோன்றும். ஆனால் 2009இல் போரை நடத்திய மகிந்த ராஜபக்ச, இளம் வயதிலிருந்தே பாலஸ்தீன ஆதரவுக் குழுவில் இருந்தவர். அரசுகளின் நட்பை வைத்து மக்களின் நியாயத்தை அளக்க முடியாது. முள்ளிவாய்க்காலில் உணவுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு 2025இன் காசாக் காட்சி புரிய அரசியல் விளக்கம் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

சாவு எண்ணிக்கையை நம்பலாமா? அது ஹமாஸ் சொல்லும் கணக்குத்தானே?

காசா சுகாதார அமைச்சகம் ஹமாஸ் நிர்வாகத்தின் கீழ்தான் இருக்கிறது. ஆனால் முந்தைய போர்களில் அது சொன்ன மொத்த எண்ணிக்கையும், பிற்பாடு ஐ.நா.வும் இஸ்ரேலும் எண்ணியதும் பெரிதாக விலகவில்லை. பெயர், வயது, அடையாள எண்ணோடு பட்டியல் வெளியிடுகிறார்கள். 2025 அக்டோபர் 10 அன்று போர்நிறுத்தம் வந்தபோது அந்தக் கணக்கு 67,000ஐத் தாண்டியிருந்தது. அதில் குறை இரண்டு உண்டு. போராளி யார், பொதுமக்கள் யார் என்று அது பிரிப்பதில்லை. இடிபாட்டுக்கு அடியில் இருந்து இன்னும் எடுக்கப்படாதவர்கள் அதில் சேரவில்லை.